கப்பிலிருந்து கிராமுக்கு: நடுவில் அமுங்கிய கேக்குகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூன்று பேர் வேலை செய்யும் ஒரு சிறிய கேக் கூடம். அதைத் தொடங்கி நடத்துபவரை இந்தக் குறிப்பில் ‘மூத்தவர்’ என்கிறேன். இரண்டு ஆண்டுகளாக அவருடன் இருந்து தொழில் கற்றவர் ‘இளையவர்’. மூன்றாமவர் பகுதி நேரமாக வந்துபோகிறவர். சமையற்கூடங்களுக்குச் செய்முறைகளைத் தரப்படுத்திக் கொடுப்பது என் வேலை. சிக்கல் முற்றிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தைய நாட்களில் நடந்ததை அவர்கள் சொல்லிக் கேட்டு எழுதியிருக்கிறேன்.

அந்தக் கூடத்தின் பெயரைக் காப்பாற்றி வந்தது ஒரே ஒரு வெண்ணெய் கேக். வெண்ணெய் 1 கப், சர்க்கரை 2 கப், மாவு 3 கப், முட்டை 4 என்று எண்ணிக்கையிலேயே மனப்பாடமாகிவிடும் பழைய கணக்கு அது. அதோடு பால் 1 கப், பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. மூத்தவர் இதை ஓர் அட்டையில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தார். அவர் அதைப் பார்த்துச் செய்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கேக் என்றிருந்த வரை கப் போதுமாக இருந்தது. ஒரே நேரத்தில் 12 கேக் போடவேண்டி வந்தபோது 36 கப் மாவு எண்ண வேண்டியிருந்தது. இருபத்திரண்டா இருபத்துமூன்றா என்று நடுவில் தடுமாறி, கொட்டிவிட்டு முதலிலிருந்து எண்ணிய நாட்கள் உண்டு. மூத்தவருக்கு மணிக்கட்டு வலியும் சேர்ந்துகொண்டது. கப்பை விட்டுவிட்டுத் தராசுக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவில் எந்தத் தவறும் இல்லை. அதை இப்போதும் அப்படித்தான் பார்க்கிறேன்.

எடைத்தாள்

மாற்றும் பொறுப்பை இளையவர் எடுத்துக்கொண்டார். இணையத்தில் கிடைத்த ஒரு மாற்று அட்டவணையை வைத்து எடைத்தாள் ஒன்று தயாரித்தார். அதன்படி ஒரு கப் மாவு 120 கிராம், சர்க்கரை 200, வெண்ணெய் 227, பால் 240. முட்டை ஓடு நீக்கி ஒன்றுக்கு 50. பேக்கிங் பவுடர் தேக்கரண்டிக்கு 4, உப்பு 6. இதன்படி ஒரு கேக்குக்கு மாவு 360, சர்க்கரை 400, வெண்ணெய் 227, பால் 240, முட்டை 200, பேக்கிங் பவுடர் 12, உப்பு 3 கிராம். எல்லாவற்றையும் 12ஆல் பெருக்கினால் ஒரு தொகுதி.

அந்த அட்டவணை ஊர் பேர் தெரியாத ஒன்றல்ல. நானே பல தடவை பயன்படுத்தும் எண்கள்தான் அவை. பெருக்கலையும் ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தேன். ஓரிடத்திலும் பிழை இல்லை.

முதல் மூன்று நாட்கள்

முதல் நாள் 12 கேக்கும் ஓவனுக்குள் நன்றாகவே எழும்பின. அரை மணி நேரத்தில் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோது எல்லாவற்றுக்கும் மேடு கட்டியிருந்தது. வெளியே எடுத்து வைத்த பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றாக நடுவில் இறங்கின. இரண்டு விரல் ஆழத்துக்குப் பள்ளம். ஓரத்தில் எண்ணெய் கசிந்த பளபளப்பு. மேல்தோல் விரலில் ஒட்டியது. வெட்டிப் பார்த்தால் நடுவில் ஈரமான பட்டை. போதாக்குறைக்கு உப்பு தூக்கலாக இருந்தது.

மறுநாளும் இதே கதை. அன்று நடந்த பேச்சை இருவரும் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள். ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

“அக்கா, மூணு கப்னா 360 கிராம். நான் 360க்கு ஒரு கிராம் கூடக் குறையாமத்தான் போட்டேன்.”

“கணக்கு சரியாவே இருக்கட்டும்மா. கலவை ஓடுதே, அதைப் பாரு.”

மூத்தவர் கலவையைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துக் காட்டியிருக்கிறார். வழக்கமாகக் கட்டியாக நின்று, பிறகு மனமில்லாமல் விழும் கலவை அன்று தயிர்போல வழிந்திருக்கிறது. உண்மையில் நோய் என்னவென்று அந்த ஒரு வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். தராசு சொல்லும்போது கரண்டியின் பேச்சை யார் கேட்பது?

மூன்றாம் நாள் மூத்தவர் கப்பை எடுத்து, தன் கையாலேயே இரண்டு கேக் போட்டார். அதே ஓவன், அதே மாவு, அதே தட்டு. இரண்டும் அச்சில் வார்த்ததுபோல வந்தன. தராசு பொய் சொல்கிறது என்ற சந்தேகம் எழுந்தது. ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து வைத்துப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு கிராம் முன்பின்னாகச் சரியாகவே காட்டியது. அன்று மாலைதான் எனக்கு அழைப்பு வந்தது.

நான் எடுத்த முதல் முடிவு, அது வீணானது

கப்பில் செய்தவை இரண்டு கேக். எடைத்தாளில் செய்தவை பன்னிரண்டு. இந்த ஒரு வேறுபாடுதான் என் கண்ணில் முதலில் பட்டது. ஓவனில் ஒரே நேரத்தில் 12 தட்டு ஏற்றினால் உள்வெப்பம் விழும். மெதுவாக வேகும் கேக் நடுவில் அமுங்கும். இதைப் பல இடங்களில் பார்த்தவன் என்பதால் இங்கேயும் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். ஓவனுக்குள் வெப்பமானி வைத்து எடைத்தாளின்படி 6 கேக், 4, 2, கடைசியாக ஒன்று என்று இரண்டு நாட்கள் சோதித்தோம்.

எல்லாமே அமுங்கின. தனியாகப் போட்ட ஒற்றைக் கேக் மற்றவற்றைவிட மோசமாக அமுங்கியது. என் கணிப்புப்படி அதுதான் நன்றாக வந்திருக்க வேண்டும். ஒற்றைக் கேக்கின் தோல்விக்கு வேறொரு காரணமும் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன். வெப்பத்தில் குறையில்லை என்பது மட்டும் உறுதியானது.

கப்பை அளந்தது

ஆறாம் நாள் காலை, கூடத்தில் ‘1 கப்’ என்று பொறித்த கப்புகளையெல்லாம் எடுத்துவரச் சொன்னேன். மூன்று வந்தன. ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினோம். அறை வெப்பத்தில் ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் என்றே கொள்ளலாம். சமையலுக்கு அதற்கு மேல் துல்லியம் வேண்டாம். ஒன்று 237 காட்டியது, இன்னொன்று 240, மூத்தவரின் பழைய தகரக் கப் 250.

மூன்றும் பிழையான கப்புகள் அல்ல. அமெரிக்க வழக்குக் கப் என்பது 231 கன அங்குல கேலனில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 236.6 மில்லி. அதே நாட்டில் உணவுப் பொட்டல லேபிள்களுக்கு 240 மில்லி. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மெட்ரிக் கப் 250. ஜப்பானில் சமையல் கப் 200 மில்லிதான். மேசைக்கரண்டியும் இப்படித்தான்: பெரும்பாலான இடங்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. ஒரு செய்முறையில் ‘கப்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்தக் கப் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். சில நேரம் அவருக்கும் தெரியாது.

எடைத்தாளின் அட்டவணை 237 மில்லி கப்புக்கானது. மூத்தவரின் கப் 250. அந்த விகிதத்தில் திருத்தினால் 120 கிராம் 127 ஆகும். அது மட்டுமே காரணம் என்றால் மூன்று கப்புக்கு 20 கிராம்தான் வித்தியாசம். வழிந்தோடிய கலவைக்கு 20 கிராம் போதுமான விளக்கமாக எனக்குத் தோன்றவில்லை.

கையை அளந்தது

மூத்தவரைத் தராசுக்கு முன்னால் நிற்கவைத்து, எப்போதும் போல மாவு அள்ளிப் போடச் சொன்னேன். பத்துத் தடவை அள்ளினார். சராசரி 138 கிராம். காரணம் கிடைத்துவிட்டது என்று எழுதிவைத்தேன். இளையவர் என்னைத் தனியே கூப்பிட்டு, “அக்கா எப்பவும் இப்படி எடுக்க மாட்டாங்க” என்றார். தராசைப் பார்த்ததும் மூத்தவரின் கை பரீட்சை எழுத ஆரம்பித்துவிட்டது. மெதுவாக அள்ளினார், கத்தியின் முதுகால் கவனமாக வழித்தார், வழித்ததை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். அவருடைய அன்றாடக் கை அது இல்லை.

எனவே முறையை மாற்றினோம். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தோம்: இந்த வாரத்தில் என்றைக்காவது எடை பார்ப்போம், எப்போதென்று மட்டும் சொல்ல மாட்டோம். மாவு போடும் கிண்ணத்தின் வெற்று எடையை முன்கூட்டியே குறித்துக்கொண்டோம். அவர் மூன்று கப் போட்டதும், சலிப்பதற்காக இளையவர் அதை உள்ளே எடுத்துப்போவது வழக்கம். உள்ளே தராசு இருந்தது.

மூன்று நாட்களில் மூன்று எடைகள் கிடைத்தன: 452, 447, 460. சராசரி 453. அதாவது ஒரு கப்புக்கு 151 கிராம்.

அவர் கை செய்வதைத் தள்ளி நின்று கவனித்தேன். கப்பைத் தொட்டிக்குள் ஒரே குத்தாகக் குத்துவார். வெளியே எடுக்கும்போது தொட்டியின் பக்கச் சுவரில் கப்பின் வாயை ஒரு அழுத்து அழுத்துவார். கப் நிறைந்ததும் அடியை மேசையில் இரண்டு தடவை டொக் டொக்கென்று தட்டுவார். மாவு ஒரு விரல் இறங்கும். இறங்கிய இடத்தை இன்னொரு பிடி மாவால் நிரப்பி, உள்ளங்கையால் தலைதட்டுவார். இத்தனையும் மூன்று விநாடிக்குள். கேட்டால், “சும்மா ஒரு கப் எடுக்கிறேன்” என்பார்.

எடைத்தாளின் 120க்கும் இவருடைய 151க்கும் இடையே 31 கிராம். அதில் 7 கிராம் கப்பின் அளவால் வந்தது. மீதி 24 கிராம் முழுக்க அந்தக் குத்து, அழுத்து, தட்டுக்குச் சொந்தம். அட்டவணையின் 120 என்பது மாவைக் கிளறித் தளர்த்தி, கரண்டியால் கப்பில் மென்மையாகப் போட்டு, மேலே வழித்தெடுத்ததன் எடை. இளையவரை அதே 250 மில்லி கப்பில் அந்த முறைப்படி நிரப்பச் சொன்னபோது சராசரி 129 வந்தது. பகுதி நேரப் பணியாளரின் பத்துக் கப்புகள் 128இலிருந்து 161 வரை சிதறின. அவருக்கென்று ஒரு கை இன்னும் அமையவில்லை.

தலைதட்டி அளப்பதைப் பெரிதாக வலியுறுத்தியவர் பாஸ்டன் சமையற்பள்ளியின் ஃபானி ஃபார்மர். அது 1896. அதற்கு முன் குவியலும் சரிவுமாக அளந்ததை நினைத்தால் அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் தலைதட்டுவது மேல்பரப்பைத்தான் சமமாக்குகிறது. அடியில் மாவு எவ்வளவு நெருங்கிக் கிடக்கிறது என்பதை அது தொடுவதில்லை. காற்று புகுந்து நிற்கும் எந்தப் பொடிக்கும் இந்தச் சிக்கல் உண்டு: மாவு, கோகோ, பொடித்த சர்க்கரை. தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் இல்லை. அழுத்தினாலும் அவை நெருங்காது.

மற்ற பொருட்கள்

மாவில் இவ்வளவு என்றால் மற்றவற்றை நம்பி விட முடியாது. அதே மூன்று நாட்களில் எல்லாவற்றையும் எடை போட்டோம்.

சர்க்கரையில் வியப்பு எதுவும் இல்லை. பரல்கள் கெட்டியானவை, தட்டினாலும் அதிகம் இறங்காது. இரண்டு கப் 424 கிராம். கப் பெரிது என்பதற்கான வேறுபாடுதான் அது.

வெண்ணெயை அவர் கப்பில் அளப்பதே இல்லை. அட்டையில் ‘1 கப்’ என்று இருக்கும். கையோ அரைக் கிலோக் கட்டியை நடுவில் வெட்டிப் பாதியைப் போடும். 227 அல்ல, 250 கிராம்.

பாலில் எதிர்த்திசையில் ஓர் ஆச்சரியம். கப் 250 மில்லி என்பதால் பால் 257 கிராம் வரும் என்று கணக்கிட்டிருந்தேன். பாலின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே கூட, மில்லிக்கு 1.03 கிராம். வந்தது 236. விளிம்பு வரை ஊற்றினால் கொண்டுபோகும்போது சிந்தும், அதனால் ஒரு நூல் இறக்கியே ஊற்றுவாராம். அட்டவணையின் 240ஐ ஒட்டித் தற்செயலாகப் போய் நின்றது. எல்லா எண்ணையும் 250/237 என்ற ஒரே காரணியால் பெருக்கிவிடலாம் என்று எனக்கிருந்த நினைப்பு அங்கே முடிந்தது.

உப்பில் தூக்கலுக்கான விளக்கம் கிடைத்தது. அட்டவணையின் தேக்கரண்டிக்கு 6 கிராம் என்பது மேசையில் வைக்கும் பொடியுப்புக்கு உரியது. இவர்கள் பயன்படுத்தியது பரல் பெரிய, படலம் படலமான உப்பு. பரலுக்குப் பரல் இடைவெளி அதிகம். 0.1 கிராம் காட்டும் சிறு தராசில் வைத்தபோது மூத்தவரின் அரைத் தேக்கரண்டி 1.7 கிராம்தான் இருந்தது. எடைத்தாளோ 3 கிராம் போடச் சொன்னது. கரண்டிக் கணக்கில் எந்த உப்பு என்பது பெரிய விஷயம். கிராமில் எழுதியதும் அந்தக் கேள்வி மறைந்துவிடும். ஆனால் கரண்டியிலிருந்து கிராமுக்குத் தாண்டும் அந்த ஒரு அடியில் கேட்காமல் விட்டால் ஏறக்குறைய இரு மடங்கு உப்பு விழும்.

ஒற்றைக் கேக்கின் புதிர்

பேக்கிங் பவுடர் மூன்று தேக்கரண்டி 12 கிராம்தான். அட்டவணையும் கையும் ஒத்துப்போயின. அப்படியானால் ஒற்றைக் கேக் ஏன் இன்னும் மோசமாக அமுங்கியது?

இளையவர் அதை அளக்கும் விதத்தைப் பார்த்தேன். கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, கரண்டி நுனியை விரலால் தட்டித் தட்டித் துளித்துளியாகப் போட்டார். முதல் நான்கைந்து தட்டுக்குத் தராசு பூஜ்யத்திலேயே நின்றது. பிறகுதான் எண் நகர்ந்தது. 12 வந்ததும் நிறுத்தினார். அந்தப் பொடியை ஒரு காகிதக் கப்பில் கொட்டி, மொத்தமாக மறுபடி வைத்தால் 15 காட்டியது.

மின்னணுத் தராசுகள் பலவற்றில் பூஜ்யத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் ஏற்பாடு உண்டு. வெப்பம், காற்று, அழுக்கு ஆகியவற்றால் எண் மெல்ல நகர்ந்தால் அதைத் தள்ளிவிட்டுப் பூஜ்யமாகவே வைத்துக்கொள்ளும். மிகச் சிறிய அளவை மெதுவாகப் போட்டால் அதையும் அது நகர்வு என்றே எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். 12 கேக்குக்கு 144 கிராம் போடும்போது 3 கிராம் விழுங்கினால் ஒன்றும் தெரியாது. ஒரு கேக்குக்கு 12 போடும்போது அது கால் பங்கு அதிகம்.

ஏன் அமுங்கியது

மாவை 100 என்று வைத்துக்கொண்டு இரண்டு செய்முறையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன்.

மூத்தவரின் கை: சர்க்கரை 94, வெண்ணெய் 55, பாலும் முட்டையும் சேர்த்து 96.
எடைத்தாள்: சர்க்கரை 111, வெண்ணெய் 63, பாலும் முட்டையும் 122.

இப்படி எழுதியதும் பேச வேண்டியது அதிகம் இல்லாமல் போயிற்று. இரண்டும் வேறு வேறு கேக். கேக்கைத் தாங்கி நிற்பவை வேகும்போது இறுகும் மாவின் ஸ்டார்ச்சும் முட்டையின் புரதமும். சர்க்கரை கூடினால் அவை இறுகும் வெப்பநிலை மேலே போகும், அதாவது இறுகுவது தாமதமாகும். காற்றுக் குமிழ்கள் முழுதாக விரிந்த நேரத்தில் சுவர் இன்னும் ஈரமாகவே நிற்கிறது. வெளியே எடுத்ததும் சரிகிறது. வெண்ணெய் கூடியதால் ஓரம் கசிந்தது. எடைத்தாளில் வெண்ணெயும் சர்க்கரையும் மூத்தவர் போடுவதைவிட உண்மையில் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். மாவு அவற்றையெல்லாம்விட அதிகமாகக் குறைந்ததால்தான் விகிதத்தில் அவை கூடிப்போயின.

எடுத்த முடிவுகள்

அட்டவணையை ஒதுக்கிவைத்தோம். தவறான அட்டவணை என்பதால் அல்ல. வேறு யாரோ ஒருவரின் கையை அளந்த அட்டவணை என்பதால்.

மூன்று நாள் சராசரியை எளிய எண்களாக்கினோம்: மாவு 450, சர்க்கரை 425, வெண்ணெய் 250, பால் 235, முட்டை ஓடு நீக்கி 200, பேக்கிங் பவுடர் 12, உப்பு 1.7. பன்னிரண்டு கேக்குக்கு மாவு 5400, சர்க்கரை 5100, வெண்ணெய் 3000, பால் 2820, முட்டை 2400, பேக்கிங் பவுடர் 144, உப்பு 20 கிராம். முட்டையை எண்ணுவதை விட்டு உடைத்து எடை போடச் சொன்னதில் மூத்தவருக்கு உடன்பாடு இல்லை. பன்னிரண்டு கேக்குக்கு 48 முட்டை. ஒவ்வொன்றிலும் நான்கு கிராம் மாறினாலே ஏறக்குறைய 200 கிராம் ஈரம் கூடும் அல்லது குறையும் என்று கணக்குக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்.

ஒற்றைக் கேக் செய்யும்போது 15 கிராமுக்குக் கீழே உள்ள எதையும் பெரிய தராசில் நேராகப் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். 0.1 கிராம் தராசில் தனிக் கப்பில் எடுத்து, கப்பை ஒரு முறை தூக்கி மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். அது கைவசம் இல்லாத நாளில் தேக்கரண்டியே மேல். டப்பாவைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, எண் கழித்தல் 12 ஆகும்வரை கரண்டியால் எடுக்கும் வழியும் உண்டு. இளையவருக்கு அது பிடித்துப்போயிற்று.

தகரக் கப்பைத் தூக்கிப்போட நினைத்தார்கள். வேண்டாம் என்றேன். அதன் அடியில் ‘250’ என்று ஆணியால் கீறி வைத்தோம். இன்னும் மாற்றாத செய்முறைகள் எல்லாம் அந்தக் கப்பில்தான் இருந்தன.

பிறகு நடந்தது

புதிய எடைத்தாளின் முதல் தொகுதியில் பன்னிரண்டும் நின்றன. வெளிவட்டத்தில் இருந்த மூன்றில் மட்டும் மேடு லேசாக வெடித்திருந்தது. அது ஓவனின் காற்றோட்டத்தால் வந்தது, தட்டுகளைத் திருப்பி வைத்ததும் சரியானது.

மூத்தவர் ருசி பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் போட்டது மாதிரி இல்ல” என்றார். இப்படிச் சொல்வார் என்று எதிர்பார்த்தே இருந்தேன். மூன்று துண்டுகளை வைத்தோம். இரண்டு ஒரே வகை, ஒன்று மாறானது. மாறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு சுற்றில் இரண்டு தடவை சரியாகச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கைவைத்தாலும் மூன்றில் ஒன்று சரியாக வரும். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதே வழியில் தேன் கேக்குக்கு வந்தபோது இன்னொன்று சிக்கியது. அட்டையில் ‘தேன் 8 அவுன்ஸ்’ என்றிருந்தது. இளையவர் ஓர் அவுன்ஸ் 28.35 கிராம் என்று 227 எழுதியிருந்தார். மூத்தவரிடம் எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் 8 வரை ஊற்றுவேன் என்றார். அப்படியானால் அது எடை அவுன்ஸ் இல்லை, திரவ அவுன்ஸ், 237 மில்லி. தேனின் அடர்த்தி மில்லிக்கு 1.42 கிராம் அளவில் இருக்கும் என்பதால் அது 336 கிராம் வரும். 109 கிராம் குறைவாகப் போட்டிருப்பார்கள். நல்ல வேளையாக அடுப்பில் ஏற்றும் முன்பே தெரிந்துவிட்டது.

நான்கு மாதம் கழித்து மாவு மூட்டையை வேறு வகைக்கு மாற்றினார்கள். எடை அச்சுப் பிசகாமல் இருந்தும் கலவை கெட்டியாக நின்றது. புதிய மாவு ஈரத்தை அதிகமாக உறிஞ்சியது. எடை எவ்வளவு மாவு என்பதைத்தான் சொல்லும், எப்படிப்பட்ட மாவு என்பதைச் சொல்லாது. பாலை 20 கிராம் கூட்டி, தாளின் ஓரத்தில் மூத்தவர் சொன்னபடியே ஒரு வரி சேர்த்தோம்: கரண்டியைச் சாய்த்தால் கலவை ஒரு கணம் நின்று, பிறகு விழ வேண்டும்.

கிராமிலிருந்து கப்புக்கு

மூத்தவர் அவ்வப்போது சிலருக்கு வகுப்பு எடுப்பார். அட்டையில் உள்ளபடி ‘மாவு 3 கப்’ என்றுதான் எழுதிக் கொடுப்பார். வீட்டில் செய்து பார்த்தவர்களில் பலர், தங்களுக்கு நடுவில் அமுங்குகிறது என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். அதையெல்லாம் கைப்பக்குவம் என்று விட்டுவிட்டார்கள். இப்போது திரும்பிப் பார்த்தால் அவர்கள் 240 மில்லி கப்பில் கரண்டியால் மாவு போட்டு, ஏறக்குறைய 370 கிராம் எடுத்திருக்கிறார்கள். கூடத்தில் முதல் வாரம் நடந்ததேதான் அவர்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது.

புதிய வகுப்புத்தாளில் முதலில் ‘450 கிராம்’ என்று எழுதினோம். தராசு இல்லாதவர்களுக்காக அடுத்த வரியில் ‘240 மில்லி கப்பில், கரண்டியால் போட்டுத் தலைதட்டி, 3⅔ கப்’ என்று சேர்த்தோம். கப்பின் அளவையும் நிரப்பும் முறையையும் சொல்லாமல் கப் எண்ணிக்கை மட்டும் எழுதக்கூடாது என்று பேசிக்கொண்டோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற ஓட்டம் போய்விட்டதே என்று மூத்தவருக்கு வருத்தம். அது எனக்கும் உண்டு.

மீண்டும் செய்தால்

ஓவனில் செலவழித்த இரண்டு நாட்களை முதலில் மிச்சப்படுத்துவேன். கப்பில் நன்றாக வந்து எடையில் கெட்டால், இரண்டு பேர் போட்ட மாவையும் எடை போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கலவை ஓடுகிறது என்று மூத்தவர் சொன்னதைச் சோதனைத் தரவாக எடுத்துக்கொண்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

எடைத்தாள் தயாரிக்கும்போதே ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு கட்டம் வைப்பேன்: அட்டவணையிலிருந்தா, நேரில் எடை போட்டதா, யார் கையால், எந்தத் தேதியில், எந்த வகை மாவில்.

கொட்டைத் துண்டுகள் போடும் இரண்டு செய்முறைகள் மட்டும் இன்னும் கிராமுக்கு வரவில்லை. துண்டின் பருமனைப் பொறுத்து ஒரு கப்பின் எடை நாளுக்கு நாள் மாறுகிறது. மூத்தவர் ஒரே அளவில் நறுக்கித் தரட்டும் என்று இளையவர் காத்திருக்கிறார், மூத்தவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. அதுவரை அந்த இரண்டுக்கும் தகரக் கப்தான்.